கஞ்சமலை அடிவாரத்திலிருந்து: இரும்புக்குத் துளை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு புவியியல் மற்றும் சுரங்கத் துறையினருக்கும், பல்கலைக்கழகங்களில் இரும்புத் தாதை ஆராய்கிற பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலை அடிவாரத்தில் குடியிருப்பவன். சேலத்தில் நிலவியல் படித்துவிட்டு, கர்நாடகத்தில் பெல்லாரிப் பக்கம் சண்டூர் மலைகளில் இருபத்திரண்டு வருடம் சுரங்க நிலவியலாளராக வேலை பார்த்தேன். இப்போது ஊரோடு வந்து, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் காட்டில் குச்சிக்கிழங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். காடு என்றதும் வனம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைத்தான் காடு என்போம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சமலையிலோ, கோதுமலையிலோ, தீர்த்தமலையிலோ, திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கவுத்திமலையிலோ இரும்புக்காக நீங்கள் துளை போடுவதாக இருந்தால், அந்தத் துளை தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். எழுதியதை, சுரங்க ஏலம் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே, தமிழில் எங்கள் கிராம சபையில் படித்துச் சொல்லுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை. இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

சின்ன வயதில் மழை விட்டதும் நாங்கள் ஓடுகிற இடம், மலையிலிருந்து இறங்கும் ஓடை. உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைச் சணலில் கட்டி, ஈர மணலில் இழுத்துக்கொண்டே நடப்போம். பத்தடி போவதற்குள் காந்தம் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்துவிடும். கிட்ட வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் மணி மணியாகக் கோத்த சரம். அதை வழித்து ஒரு காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே அந்த மணல் எழுந்து நின்று கூடவே நடந்து வரும். தாத்தா அதை இரும்பு மணல் என்பார். அவருடைய தாத்தா காலத்தில் இந்த மணலைச் சலித்து அள்ளி, ஆளுயரம்கூட இல்லாத களிமண் உலையில் கரியோடு போட்டு, துருத்தி ஊதி இரும்பு எடுத்தார்களாம். உழும்போது இன்றைக்கும் எங்கள் காட்டில் குமிழ் குமிழாகக் கறுத்த கிட்டம், அதாவது அந்த உலைகளின் கழிவு, கொழுவில் தட்டுகிறது. அப்படி ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்திருக்கிறேன். கல் மாதிரித் தெரியும். திருப்பினால் கூழ் வழிந்து உறைந்த கோடுகள் இருக்கும்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது கல்லூரியில்தான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்றில் ஆக்ஸிஜன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலத்தில், கடல் நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. அது ஒரு படுகையாகவும், சிலிக்கா ஒரு படுகையாகவும் மாறி மாறி அடியில் படிந்தன. உலகத்தில் பெரிய இரும்பு மலைகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவைதான். சத்தீஸ்கரின் பைலாடிலா, ஜார்க்கண்டின் நோவாமுண்டி, நான் வேலை பார்த்த சண்டூர் எல்லாமே ஒரே குடும்பம். ஆனால் எங்கள் மலையின் கதை அதற்கப்புறம் வேறு மாதிரிப் போனது. இந்தப் படுகைகள் பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்து, மடிந்து, மறுபடி மேலே வந்தன. அந்த வேக்காட்டில் இரும்பெல்லாம் காந்தத்தில் ஒட்டுகிற மேக்னடைட் ஆனது, சிலிக்கா குவார்ட்ஸ் ஆனது. வெள்ளையும் கறுப்பும் வரி வரியாக ஓடும் கல். நீங்கள் ஏட்டில் பட்டை மேக்னடைட் குவார்ட்ஸைட் என்று எழுதுவீர்கள், துளை போடும் எந்திரமான ரிக் மேல் நிற்கும் பையன்கள் ‘பி.எம்.க்யூ’ என்பார்கள். கையில் வாங்கினால் மணிக்கட்டு கொஞ்சம் இறங்கும், அவ்வளவு கனம்.

(சேலத்துக்காரர்களே குழப்பிக்கொள்கிற விஷயம் ஒன்று. கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று வெட்டுவது மேக்னசைட். அதில் இரும்பு எடுப்பதில்லை. உலைக்குள் பதிக்கிற தீச்செங்கல்லுக்குப் போகிறது. எங்கள் மலையில் இருப்பது மேக்னடைட். பெயரில் ஓரெழுத்து வித்தியாசம், கல்லில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.)

சண்டூரில் கோடிக்கணக்கான வருட மழை சிலிக்காவைக் கரைத்து வெளியே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது நூற்றுக்கு 60-க்கு மேல் இரும்பு உள்ள சிவப்பு ஹேமடைட். வெட்டினால் அப்படியே லாரியில் ஏற்றலாம். எங்கள் மலையில் அந்த வேலை நடக்கவில்லை. இரும்பு 35-ஐ ஒட்டித்தான். மீதி பெரும்பாலும் குவார்ட்ஸ். ஆகவே இங்கே வெட்டுவது மட்டும் போதாது. உடைத்து, மாவாக அரைத்து, காந்தத்தால் பிரிக்க வேண்டும். நாங்கள் ஓடையில் செய்த அதே வேலை, மலை அளவுக்கு.

கணக்கைப் பாருங்கள். 100 டன் கல்லில் 35 டன் இரும்பு. அதை 65 சதவீதத் தாதாகத் தேற்றினால், ஒரு மணிகூடச் சிந்தாமல் எடுத்தாலும் 54 டன்னைத் தாண்டாது. நடைமுறையில் சேதாரம் உண்டு. ஆக, உடைத்ததில் பாதி அரைத்த குவார்ட்ஸ் மாவாக எங்காவது கொட்டப்பட வேண்டும். தாதுக்கு மேலே கிடக்கும் வெட்டிப் பாறை இந்தக் கணக்கில் இல்லை. அந்த மாவுக்கு டெய்லிங்ஸ் என்று பெயர். மழையில் அது ஓடை வழி வரும், காற்றில் நுரையீரல் வழி வரும். குவார்ட்ஸ் தூசி சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த மலையை ஆராய்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அடுப்புக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும், ஆலை நிலைக்கவில்லை. 1864-இல் வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் உங்கள் துறையின் நினைவேட்டில் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு பகுதிகளின் நிலவியலை எழுதினார்கள். கோதுமலை, தலைமலை–கொல்லிமலை, சிங்கபட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என்று அன்றைக்கே ஐந்து தொகுதிகளாகப் பிரித்துச் சொன்ன இரும்புப் படுகைகளை இன்றைக்கும் மாணவர்கள் அதே வரிசையில் படிக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் நூலகத்தில் அதன் பிரதியைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. நடந்தே அலைந்து, கண்ணால் பார்த்து வரைந்த படம். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன்.

1970-இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மலைக்குக் காலடியிலேயே ஆலை. கஞ்சமலை இரும்பையும் நெய்வேலி நிலக்கரியையும் சேர்த்து உருக்கு செய்வது என்பதுதான் ஆரம்ப யோசனை. கடைசியில் வெளியிலிருந்து வந்த எஃகுப் பலகைகளைத் தகடாக உருட்டுகிற ஆலையாகத்தான் அது எழுந்தது. மலை அப்படியே நின்றது. 2000-களில் மறுபடி பேச்சு எழுந்தது; கவுத்திமலை, வேடியப்பன் மலைக் காப்புக்காட்டில் சுரங்கம் வெட்டும் திட்டத்தைத் திருவண்ணாமலை மக்கள் எதிர்த்து நின்றார்கள்.

இத்தனை காலமும் இந்த மலையிடம் ஆராய்ச்சி கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு இரும்பு, எத்தனை டன்? தப்பான கேள்வி இல்லை. ஆனால் 160 வருடம் கழித்தும் வேறு கேள்வி ஏதும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தண்ணீருக்கு வருகிறேன். எங்களுடையது கடினப்பாறைப் பகுதி. ஆற்றுப் படுகை மணல் மாதிரி நீர் தேங்குகிற இடம் இங்கே கிடையாது. மேலே இருபது முப்பது மீட்டர் உக்கிய பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். இந்த இரண்டிலும் இருப்பதுதான் எங்களுக்குத் தண்ணீர். மலையில் பெய்கிற மழை வெடிப்புகள் வழி இறங்கி, மாதக்கணக்கில் நடந்து, அடிவாரக் கிணறுகளுக்கு வருகிறது. கஞ்சமலையின் படுகைகள் தோணி மாதிரி உள்பக்கமாகச் சரிந்து மடிந்தவை. இந்த மடிப்பு மழைத் தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளுகிறது? வடக்கு அடிவாரத்துக்கு எவ்வளவு, தெற்குக்கு எவ்வளவு? இரும்புப் படுகையை வெட்டி எடுத்தால் எந்த ஊர்க் கிணறு முதலில் இறங்கும்? எங்கள் ஊரில் யாரும் இதற்கு விடை கேள்விப்பட்டதில்லை. கிணறு வெட்டுகிறவர்கள் தேங்காயை உள்ளங்கையில் நிற்க வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள். வேறு வழி அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

விடை உங்கள் துளைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் விஷயம். வைர முனை வைத்துக் கோர், அதாவது பாறையை உருளைத் துண்டாக, எடுக்கும்போது ராடு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், துளையின் ஓரமாகச் சேறு கலந்து மேலே திரும்பி வரும். ரிக் ஓட்டுகிறவரின் கண் எப்போதும் அந்தத் திரும்பும் தண்ணீர் மேல்தான். சண்டூரில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு டிரில்லர், என்னைவிட இருபது வயது மூத்தவர், பீடியை வாயில் வைத்துக்கொண்டே சட்டென்று கையைத் தூக்குவார். “போச்சு தண்ணி.” மேலே வந்துகொண்டிருந்த சேறு அப்படியே நின்றிருக்கும். அப்படியென்றால் முனை ஒரு திறந்த வெடிப்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உள்ளே விடுகிற தண்ணீரையெல்லாம் மலை குடிக்கிறது. அவர் தன் நோட்டில் ஆழத்தைக் குறித்துக்கொள்வார். நான் கோர் பெட்டியைப் பார்த்துப் பாறையின் பெயர், துண்டுகளின் நீளம், இரும்புப் பட்டையின் கனம் இவற்றை எழுதுவேன். கம்பெனிக்குப் போகும் அறிக்கையில் என் நோட்டு சேரும். அவர் நோட்டு ரிக்கோடு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ துளைகளில், தண்ணீர் போன ஆழத்தை எழுத வேண்டிய கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் மனசு உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒவ்வொரு துளையிலும் எந்த ஆழத்தில் தண்ணீர் மேலே திரும்பாமல் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று டிரில்லரின் குறிப்பு முழுமையாக உங்கள் பதிவில் ஏற வேண்டும். கோர் எடுத்து முடித்ததும் துளையை விட்டுவிட்டுப் போகாமல், பக்கவாட்டில் கீறல் போட்ட ஒரு பிவிசி குழாயை இறக்கி, வாயில் பூட்டுள்ள மூடி போட்டால் அது நீர்மட்டம் பார்க்கும் துளையாகிவிடும். துளை போடுகிற செலவில் இது ஒரு துணுக்கு. மாதம் ஒருமுறை அளவு நாடாவை இறக்கிப் பார்க்க ஊரிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பெண் செய்துவிடுவாள்.

‘இதெல்லாம் பிறகு சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் வருமே’ என்று நீங்கள் நினைக்கலாம். வரும், எப்படி வருகிறது என்பதை நான் கிட்டேயிருந்து பார்த்திருக்கிறேன். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் மதிப்பீட்டில் அடிப்படைத் தகவல் சேகரிப்பது ஒரு பருவத்துக்கு. அதிலும் மழைக்காலம் தவிர்த்த பருவம். எங்கள் மலையின் தண்ணீர்க் கணக்கை ஒரு பருவத்தில் எழுத முடியுமா? 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 கோடையில் எங்கள் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. அந்தக் கோடையில் அளந்தால் ஒரு உண்மை, அடுத்த நல்ல வருடத்தில் அளந்தால் வேறு உண்மை. தாது தேடும் ஆய்வு தொடங்குவதற்கும் சுரங்கம் வெட்டுவதற்கும் நடுவில் பல வருடம் ஓடுகிறது. முதல் துளையிலிருந்தே நீர்மட்டம் பார்த்தால், சுரங்கப் பேச்சு வரும் நாளில் நம் கையில் நல்ல மழையும் வறட்சியும் சேர்ந்த கணக்கு இருக்கும்.

அது இல்லையென்றால் என்ன நடக்கும்? சுரங்கம் வந்து நாலாவது வருடம் கிணறு வற்றும். சுரங்கத்தால் என்று ஊர் சொல்லும், மழை இல்லாததால் என்று கம்பெனி சொல்லும். இரண்டு பேரிடமும் காகிதம் இருக்காது. 2015 சட்டத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவத்தான். பாதிப்பையே நிரூபிக்க முடியாதவன் அங்கே போய் என்ன கேட்பான்? நேர்மையாகத் தொழில் செய்ய நினைக்கிற முதலாளிக்கும் இதே கதிதான். செய்யாத குற்றத்தை அவராலும் மறுக்க முடியாது.

பெல்லாரியில் இதை நேரில் பார்த்தவன் நான். சாலை ஓரத்து மாதுளை இலைகள் செங்கல் நிறத்தில் இருக்கும்; தட்டினால் புகை மாதிரிப் பறக்கும். 2011 ஜூலையில், சட்டவிரோதச் சுரங்கம் பற்றிக் கர்நாடக லோக்ஆயுக்தா (ஊழல் விசாரணை அமைப்பு) சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்கங்களை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான், ஒரு வருடத்துக்கு எவ்வளவு வெட்டினால் இந்த மண் தாங்கும் என்று அறிவியல் முறையில் கேட்டார்கள். பெல்லாரிக்கு 2.5 கோடி டன், சித்திரதுர்க்காவுக்கும் தும்கூருக்கும் சேர்த்து 50 லட்சம் டன் என்று வரம்பு வந்தது. அருமையான கேள்வி, அதைக் கேட்ட ஆய்வாளர்களுக்கு என் மரியாதை. ஆனால் எப்போது கேட்டார்கள் பாருங்கள். மலையின் பக்கவாட்டையெல்லாம் வெட்டி, எல்லைக் கல்லைக்கூடத் தின்ற பிறகு.

எங்கள் கல்லுக்கு இன்னும் நெருங்கிய உறவு கர்நாடகத்தின் குதிரேமுக்கு. அதுவும் குறைந்த தர மேக்னடைட், அதுவும் மலை. 1976-இல் தொடங்கிய நிறுவனம், ஈரானுக்குத் தாது அனுப்பத் திட்டம். ஈரானில் புரட்சி வந்து அந்த வாய்ப்பே மாறிப்போனது. அரைத்த தாது கூழாகக் குழாயில் 67 கிலோமீட்டர் ஓடி மங்களூருக்குப் போனது. மிஞ்சிய மாவைத் தேக்க லக்யா ஓடையில் ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்துக்கு மண் அணை. பத்ரா ஆற்றில் வண்டல் சேர்ந்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2002-இல் தீர்ப்பு, 2005 கடைசியில் சுரங்கம் மூடல். சுரங்கம் போய்விட்டது. அணையும் அதற்குப் பின்னால் கிடக்கும் மாவும் அங்கேயேதான் இருக்கின்றன, யாராவது காலத்துக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் போக வேண்டும். 2015 நவம்பர் 5 அன்று மரியானாவில் இரும்புத் தாதுக் கழிவணை உடைந்து 19 பேர் போனார்கள், டோசி ஆறு கடல் வரை செம்பழுப்பாக ஓடியது. மூன்று வருடம் கழித்து 2019 ஜனவரி 25-இல் அதே நாட்டில் புரூமாஜின்யோவில் இன்னொரு கழிவணை. 270 பேர். மதியச் சாப்பாட்டு நேரம். தொழிலாளர் உணவுக்கூடம் அணைக்கு நேர் கீழே இருந்தது. பின்னர் வந்த நிபுணர் குழு அறிக்கையைப் பலமுறை படித்திருக்கிறேன். கெட்டியாக நின்ற கழிவு, வெளியில் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமல், சில நொடிகளில் திரவம்போல் ஆகிவிட்டது. அந்த மாவுக்குள் தேங்கிய தண்ணீர்தான் அதற்கு முக்கியக் காரணம். இங்கேயும் பாருங்கள், இரும்பைப் பற்றிய கேள்வி கடைசியில் தண்ணீரைப் பற்றிய கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது.

அதனால் பல்கலைக்கழக நண்பர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். கஞ்சமலை மேக்னடைட்டின் வயது, அது வெந்த அழுத்தம், வெப்பம் பற்றியெல்லாம் அழகான ஆய்வுகள் வெளியாகின்றன. கார்னெட் மணிகளை நுண்ணோக்கியில் பார்த்து, இந்த மலை எவ்வளவு ஆழம் போய்வந்தது என்று சொல்கிறீர்கள். அதை நான் ரசித்துப் படிக்கிறவன். அந்த மாதிரிக் கற்களிலேயே இன்னொரு துண்டை எடுத்து, எத்தனை மைக்ரான் அரைத்தால் மேக்னடைட் தனியே பிரிகிறது என்று டேவிஸ் குழாயில் (காந்தத்தால் பிரித்துப் பார்க்கும் ஆய்வகக் கருவி) போட்டுப் பாருங்கள். நன்றாக வெந்த கல் என்பதால் மணிகள் பெருத்திருக்கும். மாவாக அரைக்காமல் பருமணலாக நிறுத்தினாலே போதுமா? தண்ணீரே இல்லாமல் உலர்ந்த முறையில் பிரிக்க முடியுமா? கழிவைப் பிழிந்து உலர்த்தி அடுக்கினால் எங்கள் ஐப்பசி மழையில் அது நிற்குமா? முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

இதை இப்போது எழுதக் காரணமும் உண்டு. கரியில்லாமல், ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கும் முறையை ஸ்வீடனில் நடத்திக் காட்டிவிட்டார்கள். அந்த வழிக்குச் சிலிக்கா குறைந்த, தேற்றிய தாது வேண்டும். மேக்னடைட்டை அரைத்துப் பிரித்தால் அது கிடைக்கும். உருண்டையாக்கிச் சுடும்போது மேக்னடைட் தானே சூடு விடும் என்பதால் எரிபொருளும் மிச்சம். நேற்று வரை தரம் குறைவு என்று ஒதுக்கிய கல்லின் மேல் நாளைக்கு எல்லோர் கண்ணும் விழும். நான் இரும்பு வேண்டாம் என்கிற ஆள் இல்லை. என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது இரும்புச் சம்பளம்தான். இந்த மலையை வெட்டலாமா கூடாதா என்று பேசும் நாள் வரும்போது, என்னுடைய வாக்கு கூடாது என்பதுதான். இவ்வளவு சின்ன மலையை இத்தனை ஊர்களுக்கு நடுவில் வெட்ட இடமில்லை என்று நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். அளந்து பார்த்து எடுங்கள்.

எங்கள் ஊருக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு அடிவாரத்துப் பட்டா நிலங்களில் ‘மேடு பள்ளத்தைச் சமன் செய்து தருகிறோம், காசு வேண்டாம்’ என்று ஆட்கள் வந்தார்கள். பொக்லைன் வந்தது. மலையிலிருந்து உருண்டு வந்து காட்டில் கிடந்த கனத்த கற்களெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக லாரியேறின. சமன் செய்த காட்டில் மேல்மண் இல்லை. என் சித்தப்பா இரண்டு வருடம் ஒன்றும் விதைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு தரம் யாரோ புறம்போக்கில் துளை போட்டுவிட்டு வாயை மூடாமலே போனார்கள். மூன்று துளை. ஒன்றில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தியது. அந்தத் துளைகளில் என்ன கண்டீர்கள் என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “அது இங்கிலீஷ்ல இருக்குங்க, வெளிய தர்றதில்ல” என்று முடித்துவிட்டார்கள். நான் படித்ததே அந்தப் பாடம்தான் என்று சொல்லிப் பார்த்தேன், பதில் இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் வரைபடங்கள் கிடைக்கின்றன. 2023 டிசம்பரில் தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியத்தையும் திறந்துவிட்டீர்கள். இது சின்ன விஷயம் இல்லை, நன்றி. ஆனால் அவை இங்கிலீஷில், அடுக்கடுக்கான கோப்புகளாக இருக்கின்றன. கணினியில் வரைபடம் கையாளத் தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும். எங்கள் வார்டு உறுப்பினர் அம்மாவுக்கு வேண்டியது நாலு பக்கம். துளை எங்கே, எவ்வளவு ஆழம், எந்த ஆழத்தில் வெடிப்பு, தண்ணீர் எங்கே நின்றது, இரும்பு எவ்வளவு. பேச்சுத் தமிழில் சொன்னால் போதும். “தெற்குப் பக்கத் துளையில் 62 மீட்டரில் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அந்த வெடிப்பு உங்கள் ஊர்ப் பக்கம் சரிகிறது” என்று ஒரு வரி (எண்ணை நான் உதாரணத்துக்குப் போட்டேன்) சொன்னால், அந்த அம்மாவுக்கு எந்த நிபுணரும் விளக்க வேண்டியதில்லை. கிணறு வெட்டிப் பழகிய ஊர், புரிந்துகொள்ளும்.

கோர் பெட்டிகளையும் தூரத்துக்குக் கொண்டுபோகாமல் ஒரு பாதியையாவது சேலத்தில் வையுங்கள். இங்கே நிலவியல் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தில் பார்ப்பதைத் தங்கள் மலையின் உடம்பிலேயே தொட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த கிராம சபை நாட்கள் உங்களுக்குத் தெரியும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த நாளில் வந்தாலும் ஊர் உட்கார்ந்து கேட்கும். அமாவாசை அன்று வேண்டாம். சித்தர்கோவில் கூட்டத்தில் வண்டி நகராது. வந்தால் அந்த மூன்று துளைகளையும் காட்டுகிறேன். இரண்டின் வாயில் நானே கல்லை வைத்து மூடியிருக்கிறேன், ஒன்றில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது. ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி என் கிணற்றில் கயிறு இறக்கி அளந்து, பள்ளி நோட்டில் எழுதி வருகிறேன். 2017 பக்கத்தில் சில மாதங்கள் ‘கயிறு நனையவில்லை’ என்று மட்டும் இருக்கும். அந்த நோட்டைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் முதல் துளைக்கு அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கஞ்சமலை அடிவாரத்து ஒரு பழைய சுரங்க நிலவியலாளன்